வாவிக்குள் ஒலிவாங்கி: இப்போது என்ன ஆய்வு, என்ன வாசிப்பு?

கேள்வி: களுவாஞ்சிகுடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். க.பொ.த. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்துவருகிறேன். இந்த வருடம் என் மாணவர்களுள் சிலர் செயற்றிட்டத்துக்கு நமது மட்டக்களப்பு வாவியோடு தொடர்புடைய தலைப்பொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கண்டல், இறால், நீரின் உவர்த்தன்மை என்று வழமையான தலைப்புகளையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் அவர்கள் மனதில் ஒட்டவில்லை.

இங்கே எழுதிவரும் வாவி ஆய்வாளர் ஐயா அவர்கள், தாம் இப்போது நீருக்கடியில் எழும் ஒலிகளின் பக்கம் திரும்பியிருப்பதாக வேறோர் இழையில் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தார். அந்த வரியை அவர் விரித்து எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐயா, நீங்கள் இப்போது எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்? அதற்காக அண்மையில் எவற்றையெல்லாம் வாசித்தீர்கள்? பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் அதில் எந்த இடத்தில் கைவைக்கலாம்?

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். நிலவு இரவுகளில் வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீன் என்று தொடங்கினாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சின்னங்களிலும் கடைப் பெயர்ப்பலகைகளிலும் புகையிரதத்தின் பெயரிலும் கண்டு பழகிவிட்டதால் அது அவர்களுக்கு வெறும் அலங்காரமாகப் போய்விட்டது.

பதில்: வாவி ஆய்வாளர், மட்டக்களப்பு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் சிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. நம்பச் சொன்னவுடன் நம்பிவிடுகிற பிள்ளைகளைவிட அவர்கள் ஆய்வுக்கு ஏற்றவர்கள்.

பல வருடங்களாக வாவி நீரின் உவர்த்தன்மையையும் மீன்குஞ்சுகளின் நடமாட்டத்தையும் அளந்துவந்தவன் நான். வலையில் அகப்பட்டால் மட்டுமே ஒரு மீன் அங்கே இருந்தது என்று எழுதமுடிகிறதே என்ற சலிப்புத்தான் என்னை ஒலியின் பக்கம் திருப்பியது. கண்டல் வேர்களுக்கிடையிலும் பாலத் தூண்களின் அடியிலும் வீச்சுவலையை வீசமுடியாது. பெருமழை இரவில் தோணியை இறக்கவும் முடியாது. நீரடி ஒலிவாங்கி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால், அது எந்த இரவிலும் எந்த இடுக்கிலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

என்னுடைய இப்போதைய கேள்வியைக் கேட்டால் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம்: கல்லடிப் பாலத்தடியில் கேட்பதாகச் சொல்லப்படும் அந்த ஒலிக்கும் பௌர்ணமிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? எது பாடுகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னர் எப்போது பாடுகிறது என்பதை ஒழுங்காகக் குறித்துவைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையான முழுநிலவு இரவுகளில் கேட்கும் என்று நம் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். முழுநிலவு இரவில் என்னென்ன நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது, இரவு முழுவதும் வெளிச்சம். இரண்டாவது, சூரியனும் சந்திரனும் பூமியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பதால் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், வழமையைவிடக் கூடுதலாகிறது. மூன்றாவது, மனிதர்கள் தோணியில் ஏறிக் கேட்கப் போகிறார்கள். இந்த மூன்றாவது காரணத்தைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். அமாவாசை இரவில் வாவி நடுவில் தோணியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்திருப்பவர்கள் எத்தனை பேர்? யாரும் கேட்கப் போகாத இரவுகளைப் பற்றி நமக்கு எந்தப் பதிவும் கிடையாது. பதிவு இல்லாததையே ஒலி இல்லாததாக நாம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இதைப் பிரித்தறிய நிலவே வழி தருகிறது. அமாவாசையிலும் வற்றுப்பெருக்கு பௌர்ணமியைப் போலவே உயரும், ஆனால் வெளிச்சம் இல்லை. ஆகவே ஒலிக்குக் காரணம் வற்றுப்பெருக்கு என்றால் மாதத்தில் இரண்டு முறை அது உச்சத்தை எட்டவேண்டும். காரணம் வெளிச்சம் என்றால் ஒரு முறைதான். காரணம் மனிதர்களின் வழக்கம் மட்டுமே என்றால் ஒலிவாங்கியின் பதிவில் எந்த உச்சமும் தெரியாது. இதற்குமேலும் ஒரு சோதனையை நமது வாவியே செய்து தருகிறது. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவிக்குள் அது இன்னும் சுருங்கிவிடும். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும் காலத்தில் கடலின் ஏற்றமும் இறக்கமும் உள்ளே வருவதே இல்லை எனலாம். அவ்வாறு மூடிக் கிடக்கும் மாதங்களிலும் இரண்டு உச்சங்கள் தெரிந்தால் வற்றுப்பெருக்கு என்ற விளக்கத்தைக் கைவிடவேண்டியதுதான்.

ஆகவே முகத்துவாரத்தை அண்டிய ஓரிடம், கல்லடிப் பாலத்தடி, வாவியின் உட்பகுதியில் நன்னீர் கலக்கும் ஓரிடம் என்று மூன்று இடங்களில், பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் வீதம், ஒரு வருடம் முழுவதும் பதிவதே இப்போதைய திட்டம். முடிவு எதுவும் இன்னும் கையில் இல்லை. இருப்பதாக யாரும் எழுதவேண்டாம்.

வாசிப்புக்கு வருகிறேன். அண்மையில் நான் மீண்டும் மீண்டும் திறந்தது மிகப் பழைய புத்தகமொன்று. 1845 தொடக்கம் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூல் அது. 1848 செப்ரெம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தபோது இந்த ஒலியைப் பற்றி விசாரித்திருக்கிறார். நிலவு எழுந்த பிறகு மீனவர்களோடு தோணியில் சென்றதையும், காற்றோ அலையோ அற்றிருந்த அந்த இரவில் தாமே ஒலியைக் கேட்டதையும் எழுதியிருக்கிறார். அது நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரமாக இல்லாமல், தனித்தனியே தெளிவாகக் கேட்கும் எண்ணற்ற சிற்றொலிகளாக இருந்தது என்பதும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது பெரிதும் உரத்துக் கேட்டது என்பதும் அவருடைய குறிப்பு.

இந்தக் குறிப்பில் மூன்று செய்திகள் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. அவர் போன இடம் கோட்டை வாசலிலிருந்த இறங்குதுறைக்கு அருகில். கல்லடிப் பாலம் அப்போது இல்லை. நாம் இன்று பாலத்தையே அந்த ஒலியின் வீடாக நினைப்பதற்கு, நடந்துபோய் நிற்க அங்கே வசதி இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்தது, முழுநிலவை அண்டிய இரவுகளில் நன்றாகக் கேட்கும் என்று அவருக்கு அன்றே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த நம்பிக்கை சுற்றுலாத்துறை பின்னாளில் கட்டிவிட்ட கதையில்லை. மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வறட்சிக் காலத்தில் மட்டுமே கேட்கும், மழைவெள்ளம் வாவிக்குள் இறங்கியதும் நின்றுவிடும் என்று மீனவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வடகீழ்ப் பருவமழை கார்த்திகை தொடக்கம் தை வரை. அப்போது வாவி நன்னீராகிறது, உவரை விரும்பும் உயிரினங்கள் பின்வாங்குகின்றன. நிலவைவிட உவர்த்தன்மைதான் இந்தக் கதையின் சூத்திரதாரியோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஐயம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதியவற்றுள் 2022இல் வெளியான இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை மேசையில் வைத்திருக்கிறேன். ஒன்று, ஒலியெழுப்புவது உறுதியாகத் தெரிந்த மீனினங்களை உலகளாவிய இலக்கியத்திலிருந்து தொகுத்து 989 என்று கணக்கிட்டது. மற்றையது கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்தது. கதிர்ச்செட்டை மீன்களிடையே ஒலியெழுப்பும் ஆற்றல் குறைந்தது 33 தடவைகள் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று அது காட்டுகிறது. ஒரே ஆற்றல் அத்தனை முறை புதிதாகத் தோன்றவேண்டுமானால் நீருக்குள் அது மிகவும் பயன்படுகிற ஒன்றாக இருக்கவேண்டும். உயர்தர வகுப்பில் கூர்ப்பைக் கற்பிக்கும்போது டார்வினின் குருவி அலகையே சொல்லிக்கொண்டிராமல் இதையும் சொல்லிப் பாருங்கள்.

2024இல் வந்த இன்னொரு கட்டுரையைப் பிள்ளைகளுக்காகவே பரிந்துரைக்கிறேன். மியன்மாரின் ஆழமற்ற, கலங்கிய ஓடைகளில் வாழும் தானியோனெல்லா என்ற மீன் சுமார் 12 மில்லிமீற்றர் நீளமுடையது, உடல் கண்ணாடி போன்றது. அதன் ஆண் மீன், காற்றுப்பையைச் சிறு குருத்தெலும்பொன்றால் அடித்து, தன் உடல் நீளத்தளவு தூரத்தில் 140 டெசிபெல்லுக்கு மேல் ஒலியெழுப்புகிறது. நீருக்குள் டெசிபெல்லை அளக்கும் அடிப்படை வேறு என்பதால் இதைக் காற்றிலுள்ள ஒலியோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது. செய்தித்தாள்கள் அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதித் தள்ளின.

பொதுவாசகர்களுக்கான நூல் என்றால், கனடிய அறிவியல் எழுத்தாளரான அமொரினா கிங்டன் 2024இல் எழுதிய, நீருக்கடி ஒலியுலகைப் பற்றிய நூலைச் சொல்வேன். ஆங்கிலம் கடினமில்லை. எனக்கு ஒரு குறைதான்: நமது கடல்களும் களப்புகளும் அதில் அரிதாகவே வருகின்றன. அது அவருடைய குற்றமில்லை, பதிந்து வெளியிடாத நம்முடையது.

பதில்: நிந்தவூர் பொறியியலாளர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நான் இலத்திரனியல் துறையைச் சேர்ந்தவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது சாப்பாட்டு மேசையோடு சரி. ஆனால் ஐயா எழுதியதில் கருவி சம்பந்தமான பகுதி மாணவர்களால் செய்யக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், மரத்தில் காதை வைத்தால் உரத்துக் கேட்பதற்கான காரணம். நீரில் செல்லும் ஒலி காற்றைச் சந்திக்கும்போது அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் கடக்கிறது. மிச்சம் நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. மரத்தின் இயல்பு காற்றைவிட நீருக்கு நெருக்கமானது. ஆகவே ஒலி நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து நேரே மண்டையோட்டு எலும்புக்கும் அதிக இழப்பின்றிச் செல்கிறது. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடனும் ஸ்ரேர்மும் நீருக்கடியில் மணியடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, தொலைவிலிருந்த தோணியில் நீண்ட குழாயொன்றை நீருக்குள் அமிழ்த்திக் கேட்டு, நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1435 மீற்றர் என்று அளந்தார்கள். நீரின் வெப்பநிலை அன்று 8 பாகை செல்சியஸ். நமது சூடான நீரில் வேகம் 1500ஐ எட்டும். பௌதிகவியல் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாவது, சேமிப்பு. மீன்களின் ஒலி பெரும்பாலும் 2 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் செக்கனுக்கு 16,000 மாதிரிகள் தாராளமாகப் போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் 2 பைற் என்றால் ஒரு நாள் முழுவதும் பதிய ஏறக்குறைய 2.8 ஜிகாபைற், ஐயா சொல்வதுபோல் பத்தில் ஒரு நிமிடம் பதிந்தால் மாதம் 8 ஜிகாபைற்றுக்குச் சற்றே கூட. கைத்தொலைபேசிக்குப் போடும் நினைவக அட்டையே போதும். ஒலிவாங்கிக்கு, கடிகார அலாரங்களில் இருக்கும் வட்டமான பித்தளைப் பியெசோ தகட்டில் கம்பியை ஈயப்பற்று வைத்து, எபொக்சிப் பசைக்குள் முழுவதும் மூடிவிடலாம். கம்பி எபொக்சியை விட்டு வெளியேறும் இடத்தில்தான் நீர் முதலில் நுழையும். அந்த இடத்துக்கு இரண்டாவது பூச்சொன்று கட்டாயம். தகட்டுக்குப் பக்கத்திலேயே சிறு முன்பெருக்கியும் தேவை, இல்லாவிட்டால் நீண்ட கம்பி வானொலி இரைச்சலையெல்லாம் உள்ளே கொண்டுவரும்.

மூன்றாவது ஐயாவுக்கான கேள்வி. ஆழமற்ற நீரில் தாழ்ந்த ஒலி தூரம் செல்லாது. அடித்தளம் கெட்டியானது என்று வைத்துக்கொண்டாலும், அலைநீளத்தின் கால் பங்கைவிட ஆழம் குறைந்தால் அந்த ஒலி பரவாமல் அடங்கிவிடும். ஒன்றரை மீற்றர் ஆழத்தில் கணக்கிட்டால் 250 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவை பரவமுடியாது. அடியில் சேறு என்றால் நிலைமை இன்னும் மோசம். அப்படியானால் உங்கள் மூன்று ஒலிவாங்கிகளும் வெவ்வேறு ஆழங்களில் இருக்கும்போது, ஓரிடத்தில் ஒலி குறைவு என்பதை மீன் குறைவு என்று எப்படி வாசிப்பீர்கள்?

பதில்: பாலமீன்மடு

ஐயா, ஆசிரியை, நாநா, எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பரம்பரையாக வாவித் தொழில் செய்கிற குடும்பம். நான் படித்துவிட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். அண்ணன் இன்னமும் தொழிலுக்குப் போகிறார். நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் சொல்வது இது. தோணி வலிக்கும் சவளை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால் எந்த நாளிலும் ஏதோ ஒரு சத்தம் உண்டு, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாமல் படபடவென்று கேட்கும். பாட்டு என்று சொல்லப்படுவது அதுவல்ல. அது வேறு, அது எப்போதாவதுதான். அதையும் மீன் என்று அவர் ஒத்துக்கொள்வதில்லை. ஊரி என்கிற நத்தைதான் அழுகிறது என்று அப்பா சொல்லுவார், அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்னார். நீங்கள் படித்த வெள்ளைக்காரரின் புத்தகத்தில் ஊரியைப் பற்றி ஒன்றும் இல்லையா?

என்னுடைய கேள்வி சற்றுக் கடுமையானது, மன்னிக்கவேண்டும். வலையில் விழும் மீன் குறைந்துகொண்டே போகிறது. தங்கூசி வலை, கண்டல் வெட்டு, கழிவுநீர் என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒரு வருடம் முழுவதும் சத்தத்தைப் பதிந்து தொழிலாளிக்கு என்ன கிடைக்கப்போகிறது? பாடுமீனைப் பற்றிப் பாட்டெழுத நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளே இந்த ஒலியை நீரர மகளிரின் பாட்டாக வைத்துச் செய்யுள் செய்துவிட்டார்.

பதில்: வாவி ஆய்வாளர், மட்டக்களப்பு

தம்பி, மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை, கேட்கவேண்டிய கேள்விதான். அடிகளாரைப் பற்றி ஒரு சொல்: அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் என்பதால், நாம் ஒலிவாங்கி கட்டுவதை அவர் குறைவாக நினைத்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஊரி அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. 1848இல் மீனவர்கள் ரெனன்றுக்குச் சொன்னதும் அழுகிற ஊரி என்றுதான். அவர் அனுப்பிய ஆட்கள் சில ஊரி வகைகளை உயிரோடு கொண்டுவந்து கொடுத்தும் இருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, கண்டல் சேற்றில் உதிர்ந்த இலைகளைத் தின்னும் நீண்ட கூம்பு வடிவ ஊரி என்று அவர் கொடுத்த விஞ்ஞானப் பெயரிலிருந்து தெரிகிறது. இன்றைக்கும் அதைக் கண்டல் ஓரங்களில் பொறுக்கலாம். ஆனால் அந்த ஊரிகளில் ஒலியெழுப்பும் உறுப்பு எதுவும் அறியப்படவில்லை. ஒலி வருகிற இடத்தில் அடியைத் துழாவினால் ஊரிதான் கையில் வரும். மீன் கைக்கு முன்னர் ஓடிவிடும். உங்கள் பாட்டனாரின் முடிவு, கையில் கிடைத்த சான்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு. அதனால்தான் ஒலியையும் உயிரினத்தையும் ஒரே நேரத்தில் ஒரே தொட்டியில் பிடிக்கும்வரை நான் எந்தப் பெயரையும் சொல்லமாட்டேன். கெளுத்தி தன் பக்கச் செட்டையின் முள்ளைப் பொருத்தில் உரசி ஒலியெழுப்பும். கத்தாளை இனங்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைக்கும். உடலில் வளைந்த கருங்கோடுகளையுடைய கீச்சானும் குரலுடையது. சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல் நீளமானது.

கலிபோர்னியாவின் சவுசலிற்றோவில் 1980களில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். படகுவீடுகளில் குடியிருந்தவர்களை இரவு முழுவதும் ஒரு ரீங்காரம் தூங்கவிடவில்லை. கழிவுநீர்ப் பம்பி என்றார்கள், இராணுவத்தின் இரகசியப் பரிசோதனை என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் அது, கற்களுக்கடியில் கூடு காத்துக்கொண்டு பெண் மீனை அழைக்கும் ஆண் தேரைமீனினம் ஒன்றின் குரல் என்று தெரியவந்தது. அதன் தசை செக்கனுக்குச் சுமார் நூறு தடவை சுருங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் விடாமல் ஒலிக்கும். நீர் சூடானால் சுரம் உயரும். இந்தக் கடைசித் தகவல் நமக்குப் பயன்படும், ஏனென்றால் வாவி நீரின் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்குமிடையிலேயே மாறுகிறது. அதோடு சுரமும் மாறினால், தசையால் எழுப்பப்படும் ஒலி என்ற எண்ணத்துக்கு வலுவான சான்றாகும்.

அண்ணன் கேட்ட கடுகு வெடிப்பு, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் விரலளவு இறாலினுடையதாகத்தான் இருக்கும். வெப்பவலயத்தின் ஆழங்குறைந்த நீர்நிலைகளில் இது பொதுவான ஒலி. கொடுக்கை அது மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு ஒரு குமிழி தோன்றுகிறது. சத்தம் கொடுக்குகள் மோதுவதால் வருவதில்லை, அந்தக் குமிழி உடைவதால் வருகிறது என்று 2000ஆம் ஆண்டில் அதிவேகப் படப்பிடிப்பால் நிறுவினார்கள். குமிழி உடையும் கணத்தில் ஒளியும் தோன்றுகிறது, உள்ளே வெப்பம் 5000 கெல்வினுக்குக் குறையாது என்று அடுத்த வருடமே எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் காது கொடுத்துத் தேடிய கடற்படைகளுக்கு இந்த இறால் பெருந்தொல்லையாக இருந்தது. எனக்கும் இப்போது அதே தொல்லைதான்.

நிந்தவூர் நண்பரின் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. இடத்துக்கிடம் ஒலியின் அளவை ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை. ஒவ்வோர் இடத்தையும் அதே இடத்தின் வேறு இரவுகளோடுதான் ஒப்பிடப்போகிறேன். நீர்மட்டம் மாறும் மாதங்களில் அதுவும் சிக்கல் என்பதால், தெரிந்த ஒலியொன்றைத் தெரிந்த தூரத்திலிருந்து வாரம் ஒரு முறை எழுப்பிப் பார்த்து, ஒலிவாங்கியை வந்தடையும் பங்கை அளந்துகொள்ளவேண்டும். அந்த ஒலியெழுப்பியை நீங்கள் வடிவமைத்துத் தருவீர்கள் என்று உரிமையோடு எதிர்பார்க்கிறேன்.

இனித் தொழிலாளிக்கு என்ன பயன் என்பது. கலிபோர்னியா வளைகுடாவின் தலைப்பகுதியில், கொலராடோ ஆறு கடலில் சேரும் இடத்தில், கொர்வினா என்ற கத்தாளை இனம் ஒவ்வொரு இளவேனிலிலும் இலட்சக்கணக்கில் திரண்டு சினையிடுகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் அந்தத் திரளல். ஆண் மீன்களின் கூட்டொலியைக் கொண்டே எப்போது, எங்கே, எவ்வளவு சினைமீன் கூடியிருக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மலேசியாவின் திரங்கானுப் பகுதியிலோ எந்தக் கருவியும் இல்லாமல், தோணியிலிருந்து நீருக்குள் தலையை அமிழ்த்திக் கேட்டு, கத்தாளைக் கூட்டம் நிற்கும் திசையைச் சொல்லும் மீனவர்கள் இருந்திருக்கிறார்கள். நமது வாவியில் எந்தக் கிழமையில் எந்த மூலையில் சினைமீன் கூடுகிறது என்று தெரிந்தால், வருடம் முழுவதற்கும் தடை போடாமல் அந்தச் சில இரவுகளுக்கு மட்டும் அந்த மூலையில் வலையை நிறுத்திவைக்கலாம். இதில் எனக்கு அச்சமும் உண்டு. கொர்வினாவின் ஒலியை அங்குள்ள வலைக்காரர்களும் கேட்கிறார்கள்; கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தே வளைத்துப் பிடிக்கிறார்கள். ஆகவே பதிவு செய்யும் இடங்களை மீனவர் சங்கங்களோடு பேசித்தான் முடிவு செய்வேன். சினையிடும் இடம் எதையும் இணையத்தில் எழுதமாட்டேன்.

பாசிக்குடாப் பவளப்பாறைக்கு ஒலிபெருக்கி வைத்தால் மீன் திரும்புமா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் அப்படியொரு பரிசோதனை நடந்து 2019இல் வெளியானது உண்மை; நலமான பாறையின் ஒலியை 40 நாட்கள் ஒலிபரப்பிய இடங்களில் இரண்டு மடங்கு மீன் வந்து சேர்ந்தது. ஆனால் மீன் வந்ததால் பவளம் உயிர்த்துவிடவில்லை. அதைச் சுற்றுலாத் திட்டமாக்க இன்னும் காலம் இருக்கிறது.

பதில்: களுவாஞ்சிகுடி ஆசிரியை

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. இதை அச்சிட்டு வகுப்பில் கொடுத்தேன். மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவருடைய தகப்பனாரிடம் தோணி உண்டு. பியெசோ தகட்டைப் பௌதிகவியல் ஆசிரியர் பொறுப்பேற்றுக்கொண்டார். கருவி தயாராகும்வரை சவளை வைத்தே கேட்டுக் குறிப்பெடுக்கலாமா? என்னென்ன குறிக்கவேண்டும்?

பதில்: வாவி ஆய்வாளர், மட்டக்களப்பு

தாராளமாகச் செய்யலாம். பெரியவர் ஒருவர் இல்லாமல் இரவில் வாவியில் இறங்கவேண்டாம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும்.

திகதி, நேரம், இடம், நீரின் ஆழம், காற்று, வானில் முகில், பிறை எத்தனையாம் நாள், முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். உவர்த்தன்மை அளக்கும் கருவி உங்கள் ஆய்வுகூடத்தில் இல்லாவிட்டால் ஒரு போத்தலில் நீரை எடுத்து அனுப்புங்கள், நான் அளந்து தருகிறேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவு நேரம், சொல்லப்போனால் பத்து நிமிடம், கேட்கவேண்டும். பௌர்ணமிக்கு மட்டும் போகாமல், அமாவாசைக்கும் இரண்டு அரைநிலவு நாட்களுக்கும் போகவேண்டும். ஒன்றும் கேட்காத இரவென்றால் அந்த வரியை வெறுமையாக விடாமல் "கேட்கவில்லை" என்றே எழுதவேண்டும். எனக்கு அதிகம் தேவைப்படுவது அந்த இரவுகள்தான். மூன்று பேரும் தனித்தனியே எழுதட்டும், கரைக்கு வரும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது.

நிந்தவூர் நண்பரே, எபொக்சி எந்த வகை என்பதை ஆசிரியைக்கு இங்கேயே எழுதிவிடுங்கள். சில வகைகள் உவர்நீரில் சில வாரங்களிலேயே வெண்மையாகி வெடித்துவிடுகின்றன.